மூன்றாம் வகுப்பு: ஒன்பது பேருக்கு வாசிக்க வரவில்லை, 42-இல் 17 போனால் 35 என்கிறார்கள்

குடியாத்தம் டீச்சர் | ஜூலை 6, இரவு 9.15

வணக்கம். குடியாத்தம் பக்கத்தில் ஒரு ஈராசிரியர் பள்ளியில் இது எனக்கு இரண்டாவது வருடம். ஒன்று முதல் மூன்று வரை என்னிடம், நான்கும் ஐந்தும் ஹெச்.எம். சாரிடம். என் மூன்று வகுப்புக்கும் ஒரே அறை.

மூன்றாம் வகுப்பில் 17 பேர். அதில் ஒன்பது பிள்ளைகளுக்கு வாசிப்பு வரவில்லை. முதல் பாடத்தை எல்லாரும் கோரஸாகச் சொல்வார்கள். வேறு பக்கத்தைத் திருப்பி வைத்தாலும் அதே பாடத்தைச் சொல்வார்கள். நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து "இது என்ன?" என்று கேட்டால் என் முகத்தைப் பார்க்கிறார்கள், எழுத்தைப் பார்ப்பதில்லை.

கணக்கில் கூட்டல் ஓரளவு வருகிறது. கழித்தலில் 42-இல் 17 போனால் 35 என்று எழுதுகிறார்கள். ஏழு பேர் அதே விடை. பார்த்து எழுதினார்களோ என்று தனித்தனியாக உட்காரவைத்தேன், அப்போதும் 35 தான். "இருபத்தைந்து எழுது" என்றால் நான்கு பேர் 205 என்று எழுதுகிறார்கள்.

பயிற்சிக்கெல்லாம் போயிருக்கிறேன். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டக் கையேடு இருக்கிறது, பயிற்சி நூல் இருக்கிறது, அட்டைகள் இருக்கின்றன. அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைப்படி பிரித்தும் வைத்திருக்கிறேன். ஆனால் போன வருடம் அரும்பில் இருந்த பிள்ளை இந்த வருடமும் அரும்பிலேயே இருக்கிறது. அது என்னைத் தூங்கவிடவில்லை. நாளைக் காலை வகுப்புக்குள் போனதும் நான் என்ன செய்யவேண்டும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அணைக்கட்டு வாத்தியார் | ஜூலை 6, இரவு 10.40

டீச்சர் அம்மா, 34 வருடம் துவக்கப்பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றவன். அதில் 11 வருடம் மலை கிராமத்தில். நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் முதல் வகுப்பறை கண்முன் வந்தது.

அந்த ஒன்பது பேரும் ஒரே மாதிரி நின்றுபோனவர்கள் இல்லை. நாளைக்குப் பாடம் நடத்தவேண்டாம். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்காரவையுங்கள். ஒரு தாளில் பத்து எழுத்து, பத்துச் சின்னச் சொல், நாலு வரிப் பத்தி, எட்டு வரிக் கதை. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் நாடு முழுவதும் வீடு வீடாகப் போய்ச் செய்யும் ஏசர் ஆய்வில் இப்படித்தான் பார்க்கிறார்கள். எந்தப் படியில் கால் நிற்கிறது என்பது தெரிந்தால் போதும். மற்ற பிள்ளைகள் காதில் விழாத இடமாக இருக்கட்டும். என் பள்ளியில் அது புங்கமரத்தடி.

பார்த்தால் தெரியும், சிலருக்கு ப, ம, ட கூட உறுதியில்லை. சிலருக்கு எழுத்து எல்லாம் தெரியும், உயிர்மெய் தெரியாது. சிலர் "ம... ர... ம்" என்று கூட்டிவிட்டு மரம் என்று சேர்த்துச் சொல்லாமல் நின்றுவிடுவார்கள். மூன்று பேருக்கும் ஒரே மருந்து கொடுத்தால் ஒருவருக்கும் பலிக்காது.

நான் அதிகம் மெனக்கெட்டது இரண்டாவது கூட்டத்தோடு. 247 எழுத்து என்று சொல்லிப் பிள்ளையை மிரட்டிவிடுகிறோம். மனதில் ஏற்றவேண்டியது 12 உயிர், 18 மெய்யின் உருவம், அப்புறம் கால் (ா), கொம்பு (ெ, ே), விலங்கு (ி) என்று விரல்விட்டு எண்ணக்கூடிய குறிகள். இதில் கால் சுலபம். கா, மா, பா என்று எழுத்துக்குப் பின்னால் நிற்கிறது, ஓசையும் பின்னால் நீள்கிறது. சிக்கல் கொம்பில் வருகிறது. "மேகம்" என்ற சொல்லில் கண்ணில் முதலில் படுவது கொம்பு. அதற்குத் தனியாக ஓசை இல்லை. ஓசை இல்லாத ஒன்றை முதலில் பார்த்த பிள்ளை அங்கேயே திகைத்து நிற்கிறது. மொ, மோ வந்தால் இரண்டு பக்கமும் குறி. "மாடம்" படிக்கிற பிள்ளை "மேடை"யில் தடுக்கி விழுவது இதனால்தான்.

நான் என்ன செய்தேன் என்றால், பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ம, ப, த, க என்று பெரிதாக வெட்டினேன். கொம்பு, இரட்டைக்கொம்பு, கால் எல்லாம் தனித்தனித் துண்டு. பிள்ளை முதலில் ம-வை வைத்து "ம" என்று சொல்லவேண்டும். பிறகு இரட்டைக்கொம்பை எடுத்து இடது பக்கம் ஒட்டி "மே" என்று சொல்லவேண்டும். கை செய்யும் வரிசையும் வாய் சொல்லும் வரிசையும் ஒன்றாகிவிடும். நாலு நாள் இதையே செய்தால் கண் கொம்பைத் தாண்டி எழுத்துக்குப் போய்த் திரும்பிவரப் பழகிவிடுகிறது.

உகர வரிசை இன்னொரு மேடு. அதற்கு ஒரே குறி கிடையாது. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். சு, பு, யு, வு இன்னொரு குடும்பம், கோடு கீழே இறங்கும். து, நு, லு, ணு, று, னு மூன்றாவது, சுற்றிக்கொண்டு மேலே ஏறும். அகரவரிசையில் ஒப்பிக்கச் சொல்லாமல் குடும்பம் குடும்பமாகக் கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள்.

வீட்டில் பாட்டி சொல்லிக்கொடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன் படித்தவர்கள் லை, ணை, னா, றா எல்லாவற்றையும் பழைய வடிவில் எழுதுவார்கள். பாட்டி ஆசையாக எழுதிக்கொடுத்த லை-யை வகுப்பில் தப்பு என்று அடித்து, பிள்ளை குழம்பியதை நான் பார்த்திருக்கிறேன். பாட்டியின் எழுத்தும் சரிதான், இப்போது இப்படி எழுதுகிறோம் என்று சொன்னால் போதும்.

கணக்கை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே உண்டு.

பேரணாம்பட்டு மிஸ் | ஜூலை 7, காலை 6.50

டீச்சர், உங்கள் பிள்ளைகள் வீட்டில் என்ன பேசுகிறார்கள்? இதை முதலில் கேட்காமல் நம் மாவட்டத்தில் எதையும் சொல்லமுடியாது. பேரணாம்பட்டில் என் வகுப்பில் பாதிப் பேருக்கு வீட்டில் உருது. உங்கள் பக்கம் பரதராமி வழியாக வருகிற பிள்ளைகளுக்குத் தெலுங்காக இருக்கலாம்.

உருது பேசும் பிள்ளைக்கு எண்ணில் ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. தமிழில் இருபது, அப்புறம் ஐந்து, இருபத்தைந்து. பெரியது முதலில், சின்னது பிறகு. உருதுவில் 25 என்பது பச்சீஸ். ஐந்தின் ஓசை முன்னால் வருகிறது. 52 என்பது பாவன். 59-க்கு உன்சட், அதாவது அறுபதுக்கு ஒன்று குறைவு. நூறு வரைக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு எண்ணுக்கும் தனிப் பெயர் மாதிரிதான். அந்தப் பிள்ளை 25-ஐ 52 என்று திருப்பி எழுதினால் அது கவனக்குறைவு இல்லை. மூன்று வருடம் நான் அதைக் கவனக்குறைவு என்று நினைத்துத் திட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

நோட்டை வலது பக்கத்திலிருந்து தொடங்கும் பிள்ளைகளும் உண்டு. மாலையில் மதரசாவில் வலமிருந்து இடம் எழுதிவிட்டுக் காலையில் இங்கே வருகிறார்கள். வரியின் இடது ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி வைத்துக் கொடுத்தேன், பச்சையில் புறப்படு என்று சொன்னேன். ஒரு வாரத்தில் சரியானது.

இன்னொன்று, தமிழில் ப ஒன்றுதான், பல் என்றாலும் பஸ் என்றாலும். உருதுவில் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து. உருது எழுதத் தெரிந்த பிள்ளை "மிஸ், இது எந்த ப?" என்று கேட்கும். கெட்டிக்காரத்தனமான கேள்வி அது. நான் அதை வகுப்புக்கே சொல்லிப் பாராட்டினேன். அதுவரை வாயே திறக்காத பெண் அவள்.

சத்துவாச்சாரி அப்பா | ஜூலை 7, காலை 8.05

எல்லாரும் நல்ல விஷயம் சொல்கிறீர்கள். ஆனால் ஒரு பெற்றோராக எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. நாங்கள் படித்தபோது அட்டையும் இல்லை, விளையாட்டும் இல்லை. தினமும் ஒரு பக்கம் பார்த்து எழுதுவோம், பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பிப்போம். என் கணக்கு இன்றைக்கும் மனக்கணக்குதான். இப்போது என் பையன் நாலாம் வகுப்பு, 7 எட்டு என்ன என்று கேட்டால் விரலை மடக்குகிறான். மனப்பாடத்தை மொத்தமாக ஒதுக்கியதால்தான் இந்த நிலைமை என்று நினைக்கிறேன். யாரையும் குறை சொல்லவில்லை. பிள்ளைகள் மேல் அக்கறையில்தான் கேட்கிறேன்.

அணைக்கட்டு வாத்தியார் | ஜூலை 7, பகல் 1.20

சார், வாய்ப்பாடு மனப்பாடமாக வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம். 7 எட்டு எவ்வளவு என்று யோசிக்கிற பிள்ளை வகுத்தல் கணக்கின் நடுவே வழியைத் தவறவிட்டுவிடும். எதை, எப்போது மனப்பாடம் செய்வது என்பதில்தான் பேச்சு.

பத்துக்குப் பத்து என்று கட்டம் போட்டால் 100 பெருக்கல். 3 எட்டும் 8 மூன்றும் ஒன்று என்று பிள்ளைக்குப் புளியங்கொட்டையை அடுக்கிக் காட்டிவிட்டால் அது 55 ஆகிவிடுகிறது. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து வாய்ப்பாடுகள் தாமாகவே வரும். அவற்றை எடுத்துவிட்டால் மீதி 21 தான். இருபத்தொன்று. அதை ஒரு அட்டையில் எழுதி, வாரம் மூன்று என்று கொடுங்கள். ஏழே வாரத்தில் முடிந்துவிடும். உங்கள் பையனுக்கு இன்று மாலையே கட்டம் போட்டுக் கொடுங்கள். தெரிந்ததை அவனே வண்ணம் தீட்டட்டும். மிச்சம் எவ்வளவு குறைவு என்று பார்க்கும்போது அவன் முகம் மாறுவதைப் பாருங்கள்.

பார்த்து எழுதுவதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. வாசிக்கத் தெரியாத பிள்ளை ஒரு பக்கம் அழகாகப் பார்த்து எழுதும். அது ஓவியம். டீச்சர் அம்மாவின் அரும்புப் பிள்ளைகளின் நோட்டைப் பாருங்கள், கையெழுத்து மணி மணியாக இருக்கும்.

குடியாத்தம் டீச்சர் | ஜூலை 7, இரவு 8.30

ஐயா, அப்படியே இருக்கிறது. இன்று ஒன்பது நோட்டையும் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முறமும் கத்தரியும் | ஜூலை 7, இரவு 9.55

டீச்சர், நான் ஒரு அம்மா. குடியாத்தம்தான். எட்டாவது வரை படித்தேன். வீட்டில் பீடி சுற்றுகிறேன். பெரியவர்கள் பேசும் இடத்தில் எழுதலாமா என்று யோசித்தேன், பிறகு எழுதுகிறேன்.

எங்களுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு கட்டுக்கு 25. நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். சாயங்காலம் முறத்தில் 26 கட்டு இருந்தால் இன்னும் 14 கட்டு, அதாவது 350 சுற்றவேண்டும் என்று பேப்பர் இல்லாமல் சொல்லிவிடுவேன். கடையில் கழிவு என்று தள்ளினால் எத்தனை தள்ளினார்கள், எவ்வளவு கூலி போச்சு என்பதும் தெரியும்.

என் மகள் மூன்றாவது படிக்கிறாள். ஒரு நாள் நோட்டில் 25-ஐ 4-ஆல் பெருக்கு என்று கணக்கு இருந்தது. தெரியவில்லை என்று அழுதாள். "நாலு கட்டு எவ்வளவு?" என்று கேட்டேன். "நூறு" என்று உடனே சொன்னாள். "அதுதான் இது" என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. அம்மா சொல்வது வேறு, பள்ளிக்கூடத்துக் கணக்கு வேறு என்று சொன்னாள்.

அவளைக் கட்டு கட்ட நான் விடுவதில்லை. என்னை என் அம்மா விட்டார்கள், அதனால்தான் எட்டாவதோடு நின்றேன். அவள் படிக்கட்டும். ஆனால் எங்கள் வீட்டில் இருக்கும் கணக்கும் கணக்குதான் என்று டீச்சர் வாயால் ஒரு தடவை சொன்னால் பிள்ளைக்குத் தைரியம் வரும்.

ஆற்காடு கணக்கு டீச்சர் | ஜூலை 8, காலை 7.10

முறமும் கத்தரியும் அக்கா, நீங்கள் எழுதியதை இன்று என் பள்ளியில் எல்லா ஆசிரியர்களுக்கும் படித்துக் காட்டப்போகிறேன்.

குடியாத்தம் டீச்சர், அந்த 35-க்கு வருகிறேன். அந்தப் பிள்ளைகள் ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறார்கள். பெரியதிலிருந்து சின்னதைக் கழி என்று நாம்தானே ஒன்றாம் வகுப்பில் சொன்னோம். 7-இல் 2 போனால் 5, 4-இல் 1 போனால் 3. ஏழு பேரும் ஒரே விடை எழுதியதற்குக் காரணம் அதுதான். அவர்களுக்கு 42 என்பது 4-உம் 2-உம் பக்கத்தில் நிற்பது, நாற்பதும் இரண்டும் சேர்ந்தது இல்லை.

தென்னை ஈர்க்குச்சியைச் சின்னதாக நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போடுங்கள். கட்டைப் பிள்ளைகளே போடவேண்டும், நீங்கள் போட்டுக் கொண்டுபோனால் அது பத்து என்று அவர்கள் கைக்குத் தெரியாது. நாலு கட்டு, இரண்டு உதிரி. "எனக்கு 17 கொடு" என்று கேளுங்கள். ஏழு உதிரி கேட்டால் அவனிடம் இரண்டுதான் இருக்கிறது. திருதிருவென விழிப்பான். கொஞ்ச நேரம் விழிக்க விடுங்கள், உதவிக்கு ஓடாதீர்கள். யாராவது ஒருவர் "ஒரு கட்டைப் பிரிச்சிடலாமா டீச்சர்?" என்று கேட்பார்கள். மூன்று கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழு கொடுத்தால் ஐந்து மிச்சம். ஒரு கட்டு கொடுத்தால் இரண்டு கட்டு மிச்சம். இருபத்தைந்து.

"கடன் வாங்குவது" என்ற சொல்லை நான் விட்டுவிட்டேன். வாங்கின கடனைத் திருப்பிக் கொடுப்பதே இல்லையே, பிள்ளை அதைக் கேட்கிறது. "கட்டைப் பிரி" என்று சொல்கிறேன். கூட்டலில் "கட்டைக் கட்டு".

நாம் எல்லாரும் செய்யும் தவறு, இரண்டு நாள் குச்சி காட்டிவிட்டு மூன்றாம் நாள் சிலேட்டுக்குப் போய்விடுவது. இரண்டு வாரம் குச்சி மட்டும். அப்புறம் ஒரு வாரம் படம், கட்டுக்கு ஒரு கோடு, உதிரிக்கு ஒரு புள்ளி. அதன் பிறகுதான் எண். அப்போதும் குச்சி டப்பா பக்கத்தில் இருக்கட்டும், வேண்டிய பிள்ளை எடுத்துக்கொள்ளட்டும்.

205 எழுதுகிற நாலு பேருக்கு வேறு வேலை. நீள அட்டையில் 20, 30, 40 எழுதுங்கள். பாதி அகல அட்டையில் 1 முதல் 9 வரை. 20-இன் பூஜ்யத்தின் மேல் 5-ஐ வைத்து மூடினால் 25. தூக்கிப் பார்த்தால் அடியில் பூஜ்யம் இருக்கும். மூடித் தூக்கி, மூடித் தூக்கி விளையாடவிடுங்கள்.

தமிழ் எண்ணுப் பெயரில் ஒரு மேடு உண்டு, நாம் வளர்ந்ததால் மறந்துவிட்டோம். எண்பதுக்குப் பிறகு ஒன்பதில் தொடங்கும் ஒரு சொல் வரவேண்டும். வருவது தொண்ணூறு. பிள்ளையின் காதில் "நூறு" விழுகிறது, தொண்ணூற்று மூன்றுக்கு 903 எழுதுகிறது. தொள்ளாயிரத்தில் "ஆயிரம்" விழுகிறது. ஒன்பது என்ற சொல்லே எண்பது மாதிரி "பது" என்று முடிகிறது. இந்த மூன்றையும் தனியாக ஒரு வாரம் எடுத்துச் சொல்லவேண்டும்.

வாக்கியக் கணக்கில் "மொத்தம் வந்தால் கூட்டு, மீதி வந்தால் கழி" என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். "கூடையில் மொத்தம் 15 முள்கத்தரிக்காய், 6 சொத்தை, நல்லது எத்தனை?" என்று கேளுங்கள். சூத்திரம் பிடித்த பிள்ளை 21 என்று சொல்லும். கதையை நடித்துக் காட்டச் சொன்னால் 9 வரும்.

காட்பாடி தன்னார்வலர் | ஜூலை 8, மாலை 4.30

இல்லம் தேடிக் கல்வியில் இரண்டு வருடம் மாலை வகுப்பு எடுத்தேன். கொரோனாவில் மூடிய பள்ளி, 2021 நவம்பர் 1 அன்றுதான் சின்ன வகுப்புகளுக்குத் திறந்தது. என்னிடம் வந்த பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பையே பார்க்காமல் மூன்றாம் வகுப்புக்குப் போனவர்கள்.

ஒரு விஷயம் இங்கே யாரும் சொல்லவில்லை. நாம் வாசிக்கச் சொல்லும் தமிழ் பிள்ளைகள் பேசும் தமிழ் இல்லை. நம் பக்கம் பழம் "பயம்" ஆகிவிடும், ஏழு "ஏயு" ஆகிவிடும். பிள்ளை கஷ்டப்பட்டு "ப... ழ... ம்" என்று கூட்டினாலும், அது தான் தின்ற பயம்தான் என்று அதற்குத் தெரியவில்லை. "வந்தார்கள்" என்று கூட்டுகிறது, "வந்தாங்க" என்பதோடு அது சேரவில்லை. கூட்டிப் படித்தும் ஒன்றும் விளங்காவிட்டால் யாருக்குத்தான் மறுபடி படிக்கத் தோன்றும்?

அதனால் நான் பிள்ளைகள் சொல்வதை அப்படியே பலகையில் எழுதினேன். ஒரு பையன் "எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு" என்று சொன்னான். அப்படியே எழுதினேன். அவனுக்கு முழு வரியும் படிக்க வந்தது, ஏனென்றால் அது அவன் வாயிலிருந்து வந்தது. அதில் "குட்டி"யைத் தொட்டுக் காட்டச் சொன்னேன், "ஆடு" எங்கே என்று கேட்டேன். அடுத்த நாள் அதன் கீழேயே "எங்கள் ஆடு இரண்டு குட்டிகள் போட்டது" என்று எழுதி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். புத்தகத் தமிழ் அப்படித்தான் அவர்களுக்கு உறவானது.

காஃப், டன்மர் என்ற இருவர் 1986-இல் ஒரு எளிய கணக்குச் சொன்னார்கள். எழுத்தைக் கூட்டும் திறனையும் மொழி புரியும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். அதனால் எழுத்து அட்டையோடு நிறுத்தாமல் தினமும் பத்து நிமிடம் நீங்கள் வாய்விட்டு ஒரு கதை படியுங்கள், அவர்கள் கேட்கட்டும். வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக இருக்கின்றன. கிடைத்தால் நுழை வரிசையிலிருந்து தொடங்குங்கள்.

ஒரே பத்தியை மூன்று நாள் தொடர்ந்து படிக்கவிடுங்கள். முதல் நாள் திணறுவார்கள், மூன்றாம் நாள் பேசுவது மாதிரி வரும். மனப்பாடம் ஆகிவிட்டதா என்று பார்க்க, வரிகளைத் துண்டாக வெட்டிக் கலைத்து அடுக்கச் சொன்னேன்.

ஏணியில் படித்தவன் | ஜூலை 8, இரவு 11.00

நான் ஆசிரியர் இல்லை, ராணிப்பேட்டையில் வேலை செய்கிறேன். 2008-இல் இரண்டாம் வகுப்பு, செயல்வழிக் கற்றல் வந்த புதிது. பாயில் வட்டமாக உட்காருவோம். சுவரின் அடியில் எங்கள் உயரத்துக்குக் கரும்பலகை, ஆளுக்கு ஒரு கட்டம். சுவரில் கற்றல் ஏணி. எந்தப் படியில் இருக்கிறோமோ அந்த அட்டையை நாங்களே எடுப்போம். இது சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கியது, அதன் வேர் மதனப்பள்ளி பக்கத்து ரிஷி வேலிப் பள்ளிகளில் இருந்தது என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

முந்தைய வருடம் வேறு ஒரு பள்ளியில் என்னை மக்கு என்று கடைசியில் உட்காரவைத்திருந்தார்கள். ஏணியில் நான் பின்தங்கித்தான் இருந்தேன், ஆனால் கடைசி என்று ஒரு இடம் அங்கே இல்லை. என்னைவிட இரண்டு படி மேலே இருந்த ஒரு பெண் எனக்குச் சொல் அட்டையைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தாள். டீச்சர் சொல்லும்போது பயத்தில் காது அடைக்கும், அவள் சொல்லும்போது கேட்டது.

குறையும் இருந்தது. அட்டையை எடுத்து வைத்து அடுத்த படிக்குப் போய்விடுவோம், டீச்சர் நேரம் இல்லாமல் "சரி சரி" என்று விட்டுவிடுவார். கழித்தலை நான் அப்படித்தான் தாண்டினேன், ஆறாம் வகுப்பில் மாட்டிக்கொண்டேன். யாராவது ஒருவர் என்னை உட்காரவைத்துக் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

குடியாத்தம் டீச்சர் | ஜூலை 9, இரவு 9.20

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளில் ஒன்பது பேரையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டேன். மூன்று பேர் எழுத்தில், நாலு பேர் உயிர்மெய்யில், இரண்டு பேர் சேர்த்துச் சொல்வதில் நிற்கிறார்கள். ஒரு வருடமாக ஒன்பது பேருக்கும் ஒரே அட்டையைக் கொடுத்திருக்கிறேன்.

நேரத்துக்கு மட்டும் வழி சொல்லுங்கள். மூன்று வகுப்பு, ஒரு ஆள்.

அணைக்கட்டு வாத்தியார் | ஜூலை 10, காலை 6.15

காலையில் ஒரு மணி நேரம் வகுப்பு எண்ணை மறந்துவிடுங்கள். மூன்று வகுப்பையும் கலந்து, நிற்கிற படிப்படி உட்காரவையுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே பாயில் இருக்கட்டும். 2019-இல் பொருளாதார நோபல் வாங்கிய பானர்ஜியும் டுப்ளோவும் மும்பையிலும் வடோதராவிலும் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியாக எடுத்துச் சொல்லிக்கொடுத்தால் முன்னேறுகிறார்களா என்று பிரதம் அமைப்போடு சேர்ந்து சோதித்தார்கள். முன்னேறினார்கள். அந்த வேலையைச் செய்தவர்கள் பெரிய பட்டம் பெற்றவர்கள் இல்லை, அந்தப் பகுதிப் பெண்கள்.

உங்கள் கண் ஒரு நேரத்தில் ஒரு பாயில்தான் இருக்கும். மற்ற இரண்டு பாய்க்கும் அவர்களே செய்யும் வேலை வேண்டும். ஜோடி வாசிப்பு, துண்டு வரி அடுக்குதல், குச்சிக் கட்டு, பல்லாங்குழி. பதினாலு குழியில் ஐந்து ஐந்தாகப் போட்டால் எழுபது, ஐந்தாம் வாய்ப்பாடு அதிலேயே வந்துவிடும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நீங்கள் பாய் மாறுங்கள். ஹெச்.எம். சாரிடம் சொல்லி வையுங்கள், சத்தமாகத்தான் இருக்கும்.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை அதே ஐந்து நிமிடம். முன்னேறிய பிள்ளையை அன்றைக்கே பாய் மாற்றுங்கள், பருவம் முடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம்.

பேரணாம்பட்டு மிஸ் | ஜூலை 10, காலை 6.40

எழுத்திலேயே நிற்கும் அந்த மூன்று பேரின் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள், டீச்சர். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் பெயரைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்க்கிற பிள்ளை இருந்தால் முதலில் அந்தப் பிள்ளை.

குடியாத்தம் டீச்சர் | ஆகஸ்ட் 30, இரவு 8.45

ஏழு வாரம் ஆகிவிட்டது. நடந்ததைச் சொல்லாமல் இருக்கக்கூடாது.

ஒன்பது பேரில் ஐந்து பேர் நாலு வரிப் பத்தியைப் படிக்கிறார்கள். மெதுவாகத்தான், விரல் வைத்துத்தான், ஆனால் எழுத்தைப் பார்த்துப் படிக்கிறார்கள். இரண்டு பேர் சொல் வரைக்கும் வந்திருக்கிறார்கள். கொம்பு அட்டை நாலு நாளில் முடியவில்லை ஐயா, எங்களுக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. ஒரு பெண்ணுக்குப் பார்வை குறைவு என்று தெரிந்தது. கண்ணாடி போன வாரம்தான் வந்தது. அவளுக்கு இப்போதுதான் முதல் வாரம் என்று நினைத்துத் தொடங்கியிருக்கிறேன். இன்னொரு பையன் இன்னும் எழுத்திலேயே இருக்கிறான். ப, ம, ட மூன்றும் உறுதி, ன-வும் ண-வும் பிடிபடவில்லை. அவனோடு தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்காருகிறேன்.

குச்சி நன்றாக வேலை செய்தது. இரண்டு வாரம் எழுதாமல் இருந்தது எனக்குத்தான் பயம், பெற்றோர் நோட்டைக் கேட்டார்கள். எஸ்எம்சி (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டத்தில் குச்சியைக் கொடுத்து அவர்களையே செய்யச் சொன்னேன். 42-இல் 17-க்கு ஒரு அப்பா கட்டைப் பிரித்துவிட்டு, "எனக்கு இதை யாரும் இப்படிச் சொல்லவில்லை" என்று சொன்னார். இப்போது 35 எழுதுகிறவன் ஒருவன்தான், அவனும் குச்சி இருந்தால் 25 என்று சொல்கிறான்.

தவறியதும் உண்டு. ஜோடி வாசிப்பில் முதலில் நன்றாகப் படிக்கிற பிள்ளையையும் படிக்கவே வராத பிள்ளையையும் சேர்த்தேன். நன்றாகப் படிப்பவள் எல்லாவற்றையும் தானே படித்துவிட்டாள். ஏணியில் படித்த தம்பி சொன்னது மாதிரி இரண்டு படி வித்தியாசம் மட்டும் வைத்தபோதுதான் சரியானது.

அடுத்த பருவத்தில் வகுத்தல் வருகிறது. முறமும் கத்தரியும் அக்கா, நீங்கள் குடியாத்தம்தானே. ஒரு நாள் என் வகுப்புக்கு வரமுடியுமா? ஆயிரத்தை 25-ஆகப் பிரிப்பதை என்னைவிட நீங்கள் நன்றாகச் சொல்லுவீர்கள். உங்கள் வாயால் பிள்ளைகள் கேட்கவேண்டும்.

முறமும் கத்தரியும் | ஆகஸ்ட் 31, இரவு 10.10

டீச்சர், இதை நாலு தடவை படித்தேன். வருகிறேன். புதன்கிழமை கடையில் சரக்குப் போட்டுவிட்டு பதினோரு மணிக்கு வந்தால் சரியாக இருக்குமா? பீடி கொண்டுவரமாட்டேன், அது பிள்ளைகள் கையில் படக்கூடாது. ஈர்க்குச்சி நறுக்கி வைக்கிறேன். ஆயிரம் இருக்கும், எண்ணித்தான் கொண்டுவருவேன். கட்டுக் கட்ட நூல் மட்டும் நீங்கள் வாங்கி வையுங்கள்.